பூக்காத பதினோரு ஆண்டுகள்

"என்னய்யா இது! அரிசி விலை என்ன, பருப்பு விலை என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று ஆலையில் கவலை. இந்த நேரத்தில் பூவைப் பற்றி எழுதப் புறப்பட்டுவிட்டீரே!"

தேநீர்க் கடையில் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் ஒருவர் இப்படித்தான் கேட்டார். கேள்வியில் தவறில்லை. பசித்தவன் முன்னால் பூவை நீட்டுவது கேலி. குடிசை ஒழுகும்போது கூரையில் கொடி படரவிட்டால் அழகாயிருக்கும் என்று யோசனை சொல்வது கொடுமை. அதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

ஆனால் தோழர்களே, இன்று நான் சொல்ல வந்திருக்கும் பூ, சீமான் வீட்டுத் தோட்டத்தில் வேலி போட்டுக் காவல் வைத்து வளர்க்கும் பூ அல்ல. கடைத்தெருவில் முழம் போட்டு விற்கும் பூவும் அல்ல. யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல், மலையின் மேல் காற்றிலும் பனியிலும் தானே வளர்ந்து, தானே பூத்து, தானே மடியும் ஏழைச் செடி அது. அந்தச் செடி இருக்கும் இடத்துக்கும், கீழே சமவெளியில் உங்கள் வீட்டுக் குடத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

அதன் பெயர் குறிஞ்சி. நீலக்குறிஞ்சி என்பர்.

பெயர் தந்த பூ

நிலத்தை ஐந்தாகப் பிரித்தான் பழந்தமிழன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயரிட்டான். மன்னன் பெயரையா வைத்தான்? கோட்டையின் பெயரையா வைத்தான்? மண்ணில் முளைத்த செடியின் பெயரை, மரத்தின் பெயரை வைத்தான். மலையும் மலையைச் சார்ந்த இடமும் குறிஞ்சி என்றான். கபிலர் பாடிய பாட்டுக்குக் குறிஞ்சிப்பாட்டு என்று பெயர். அதில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் என்ற புலவர், குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீ திரட்டும் தேனைப் பற்றிப் பேசுகிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அந்தச் செடியின் தண்டின் நிறத்தையும் பார்த்திருக்கிறார்கள். அதில் வந்து அமரும் தேனீயையும் பார்த்திருக்கிறார்கள்.

ஏட்டில் மட்டுமா? மலையில் வாழும் முதுவர் மக்கள், குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று பார்த்து வயது கணக்கிட்டார்கள். பிறந்த தேதி எழுதிவைக்கப் பதிவேடு இல்லாத மக்களுக்கு மலையே பதிவேடு. நீலகிரியில் படுகர் மக்களின் வாழ்வைச் சொல்லவந்த ராஜம் கிருஷ்ணன், தம் நாவலுக்குக் 'குறிஞ்சித்தேன்' என்று பெயர் வைத்தார். குறிஞ்சி பூக்கும்போது மலை முழுதும் நீலமாவதால்தான் நீலகிரி என்ற பெயரே வந்தது என்று சொல்வாரும் உண்டு.

இவ்வளவு பெருமை பேசுகிறோமே, பேசுகிற நம்மில் எத்தனை பேர் அந்தச் செடியைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? பூக்காத நாளில் அதைக் காட்டினால், இதுதான் குறிஞ்சி என்று அடையாளம் சொல்ல எத்தனை பேரால் முடியும்? புதர் என்று சொல்லி மிதித்துக்கொண்டு போவோம். அந்த அறியாமைதான் அந்தச் செடிக்கு வந்த முதல் ஆபத்து.

ஒரே ஒரு முறை

செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய மரமில்லை. சாதாரணமாக முழங்கால் அளவுதான். இடத்துக்கு ஏற்ப அதற்கு மேலும் வளரும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், மரமில்லாத புல்வெளிச் சரிவுகளில் வாழ்கிறது. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாற்றைச் சுற்றிய மலைகள் ஆகியவை அதன் தாயகம். கிழக்குத் தொடரில் சேர்வராயன் மலையிலும் கொஞ்சம் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

பன்னிரண்டு ஆண்டு வளரும். பன்னிரண்டாம் ஆண்டு பூக்கும். அதுவும் ஒரு செடி இங்கே, ஒரு செடி அங்கே என்றல்ல. குன்று முழுதும் ஒரே நேரத்தில், ஆடி முதல் ஐப்பசிக்குள், பேசி வைத்துக்கொண்டதுபோலப் பூக்கும். தேனீக்கள் மொய்க்கும். காய் முற்றும். விதை சிந்தும். பிறகு செடி காய்ந்து மடிந்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு, அதோடு முடிவு. விழுந்த விதை, மழை கண்டு முளைத்து, அடுத்த பன்னிரண்டு ஆண்டுப் பயணத்தைத் தொடங்கும்.

1838ஆம் ஆண்டு தொட்டு இந்தப் பூப்புக்குக் குறிப்பு இருக்கிறது. நம் காலத்துக்கு வருவோம். 1958இல் பூத்தது. 1970இல் பூத்தது. 1982, 1994, 2006, 2018 என்று கணக்குத் தவறாமல் பூத்தது. எல்லாக் குன்றும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை; சில குன்றுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. வேறு வகைக் குறிஞ்சிகள் வேறு ஆண்டுகளில் பூப்பதும் உண்டு. ஆனால் மூணாறு, கொடைக்கானல் பக்கத்துப் பெரும் பூப்புக்கு அடுத்த முறை, கணக்குப்படி, 2030.

பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும் ஒரு தோட்டத் தொழிலாளி, தன் உழைப்புக் காலம் முழுவதிலும் இந்தப் பூவை மூன்று முறை காண்பான். மிஞ்சினால் நான்கு முறை காண்பான். அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு தொந்தரவில்லாமல் இருந்தால்தான் இந்தச் செடிக்கு அடுத்த தலைமுறை உண்டு. பத்தாம் ஆண்டில் அந்தச் சரிவை வெட்டித் திருத்திவிட்டால்? பதினோராம் ஆண்டில் சாலை போட்டுவிட்டால்? விதை சிந்துமுன் தீ வைத்துவிட்டால்? அந்தக் குன்றில் குறிஞ்சிக் குலமே முடிந்தது. மற்றச் செடி என்றால் அடுத்த ஆண்டு பூக்கும், அடுத்த ஆண்டு விதைக்கும். இதற்கு அடுத்த ஆண்டு என்பது கிடையாது.

தரிசு என்றார்கள் துரைமார்

யார் கெடுத்தது இந்தச் செடியை?

வெள்ளைத் துரைமார் மலை ஏறினார்கள். மலையின் மேல் இரண்டு காட்சி கண்டார்கள். பள்ளத்தாக்குகளில் நெருங்கிய சோலைக்காடு. மேட்டுச் சரிவுகளில் விரிந்த புல்வெளி. காட்டில் மரம் இருந்தது; மரத்துக்கு விலை இருந்தது. புல்வெளியில் என்ன இருந்தது? புல். அதற்கு விலை இல்லை. ஆகவே அதைத் தரிசு என்று எழுதினார்கள். தரிசு என்று எழுதிய பிறகு என்ன செய்யலாம்? எதை வேண்டுமானாலும் நடலாம்!

தேயிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. தைல மரம் வந்தது. குளிர் காயவும் அடுப்பெரிக்கவும் விறகு வேண்டும் என்று தொடங்கிய வேலை அது.

சரி, துரைமார் போய்விட்டார்கள். போன பிறகாவது நின்றதா என்றால், நிற்கவில்லை. அவர்கள் எழுதிய 'தரிசு' என்ற சொல் மட்டும் நம்முடைய ஏடுகளில் அப்படியே தங்கிவிட்டது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்றார்கள். செயற்கைப் பட்டு நூல் செய்ய மரக்கூழ் வேண்டும் என்றார்கள். விடுதலைக்குப் பிறகுதான் பழனிமலையிலும் நீலகிரியிலும் புல்வெளிகள் வேகவேகமாக மரத்தோட்டங்களாயின. நட்டவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மரம் நடுவது புண்ணியம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. மொட்டை மலைக்கு மயிர் முளைக்க வைக்கிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

அது மொட்டை மலையா? 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லிற்று. நீலகிரியின் சதுப்பு நிலத்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தார்கள் அறிஞர்கள். அங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது தெரிந்தது. காடு அழிந்து புல்லானது அல்ல. மனிதன் வெட்டித் தரிசாக்கியதும் அல்ல. பனியும் காற்றும் சேர்ந்து காத்துவந்த பழம்பெரும் புல்வெளி அது. அதைத்தான் ஒரே ஒரு சொல்லால் ஒழித்துக் கட்டினார்கள்.

பழனிமலையின் கணக்கைப் பாருங்கள். 1973 முதல் 2014 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் கண்டது: அங்கே இருந்த புல்வெளியில் 66 விழுக்காடு மறைந்துவிட்டது. மூன்று பங்கில் இரண்டு பங்கு போயிற்று! அந்த இடத்தில் சீகையும் தைலமும் பைனும் காய்கறித் தோட்டமும் நிற்கின்றன. புல்வெளி போனால் குறிஞ்சி எங்கே போகும்? 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், நீலக்குறிஞ்சியை முதல் முறையாக முறைப்படி மதிப்பிட்டு, அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்துவிட்டது என்பது அந்த மதிப்பீடு.

அமராவதித் தண்ணீர்

"போகட்டுமே! ஒரு பூ போனால் நமக்கென்ன?" என்று கேட்பார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

மழை பெய்கிறது. புல்வெளியும் அதன் அடியிலுள்ள மண்ணும் அந்த நீரைக் குடித்துவைத்துக் கொள்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. கசிந்தது ஓடையாகிறது. ஓடை ஆறாகிறது. மூணாற்றுக்குக் கிழக்கே, குறிஞ்சி பூக்கும் வட்டவடை, கொட்டகொம்பூர் மலைகளிலிருந்து இறங்கும் நீர் பாம்பாற்று வழியாக அமராவதி அணைக்கு வருகிறது. பழனிமலையில் பிறக்கும் ஓடைகள் ஒருபுறம் அமராவதிப் பக்கமும் மறுபுறம் வைகைப் பக்கமும் இறங்குகின்றன. அமராவதித் தண்ணீரை நம்பி யார் இருக்கிறார்கள்? உடுமலை, தாராபுரம் வட்டாரத்து உழவன் இருக்கிறான். கரூர்த் தறித் தொழிலாளி இருக்கிறான். ஊர் ஊராகக் குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

அந்தப் புல்வெளியில் தைல மரம் நட்டால் தண்ணீர் என்ன ஆகும்? ஊகமல்ல, அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாக விட்டார்கள். மற்றொன்றில் தைல மரம் நட்டார்கள். ஓடையில் வரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட அடுத்த சுற்றில் 25 விழுக்காடு குறைந்தது. நான்கு குடம் தண்ணீரில் ஒரு குடத்தை மரம் குடித்துவிட்டது!

மலைமேல் நட்டவன் யாரோ. மரக்கூழ் விற்றவன் யாரோ. இலாபம் கண்டவன் யாரோ. குடம் குறைந்தது கீழே இருப்பவனுக்கு. எந்தக் கணக்குப் பேரேட்டிலாவது அந்த நஷ்டம் ஏறியதுண்டா? கிடையாது. ஏழைக்கு வந்த நஷ்டம் ஏட்டில் ஏறுவதில்லை.

ஆகவே குறிஞ்சியை வெறும் பூவாகப் பார்க்க வேண்டாம், தோழர்களே. அது ஓர் அடையாளக் கொடி. எந்தச் சரிவில் குறிஞ்சி கூட்டமாக நிற்கிறதோ, அங்கே பழைய புல்வெளி இன்னும் சாகவில்லை. ஊற்று இன்னும் வற்றவில்லை என்று பொருள்.

நடந்து பார்த்தவர்கள்

1980களின் இறுதியில் சில இயற்கை ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை மலைவழியே கால்நடையாக நடந்தார்கள். குறிஞ்சி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்ணால் பார்த்தார்கள். இருந்த இடத்தில் சீகை நிற்பதைக் கண்டார்கள். திரும்பி வந்து ஊருக்குச் சொன்னார்கள். குறிஞ்சியைக் காப்போம் என்று இயக்கம் நடத்தினார்கள். அவர்களிடம் பணமில்லை, பதவியில்லை. நடந்து பார்த்து வந்த உண்மை மட்டும் இருந்தது. ஆண்டுகள் பல கடந்தன. 2006இல் பூப்பு வந்தபோது, கேரள அரசு மூணாற்றுக்கு அப்பால் சுமார் 32 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. ஒரு செடிக்காகவே அமைந்த சரணாலயம்! அதற்கு முன்பே, 1978இல், வரையாட்டுக்காக இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்தது; அங்கே ஆட்டைக் காத்ததால் குறிஞ்சியும் பிழைத்தது. தமிழ்நாட்டில் 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் திருத்தப்பட்ட காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றது. வேரோடு பிடுங்கினால் இன்று அது குற்றம்.

சட்டம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் சட்டம் மலை ஏறும்போது யார் தலையில் முதலில் கால் வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

வட்டவடை, கொட்டகொம்பூர்ப் பகுதிகளில் தலைமுறையாக உருளைக்கிழங்கும் பூண்டும் பயிர்செய்து வாழும் தமிழ்க் குடியானவர்கள் இருக்கிறார்கள். சரணாலயம் என்று அறிவித்தார்களே தவிர, எது காடு, எது குடியானவன் நிலம் என்று எல்லை பிரித்து முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அதற்கிடையில் பெரிய நிலங்களைப் போலிப் பட்டா வைத்து வளைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை வந்தது, வாதம் வந்தது. பத்து ஏக்கர், ஐம்பது ஏக்கர் வளைத்தவனுக்கு வாதாட வக்கீல் உண்டு. அரை ஏக்கர் பூண்டு போட்டவனுக்கு யார் உண்டு? பெரிய ஆக்கிரமிப்பாளன் சிறிய விவசாயியைத் தன் முன்னால் கேடயமாக நிறுத்தி, "ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று கூக்குரலிடுவது பழைய தந்திரம். ஏழைக்குரிய பட்டாவை உடனே கொடுத்துவிட்டால் அந்தக் கேடயம் கையைவிட்டு நழுவும். பெரியவன் வளைத்தது வெளியே தெரியும். குறிஞ்சியும் பிழைக்கும், குடியானவனும் பிழைப்பான். அதைச் செய்ய எவ்வளவு காலம்?

பெட்டிமுடியை மறக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்லாமல் இந்தப் பத்தியை முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

இரவிகுளம் பூங்காவின் ராஜமலைக்குப் பூப் பார்க்க வருகிறார்கள் மக்கள். வரையாடு பார்க்க வருகிறார்கள். அந்த மலைப்பக்கத்தில்தான் பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, அடைமழையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள்! அவர்களில் நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை. தென்பாண்டிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடிப்போன தமிழ்க் குடும்பங்கள் அவை. மலையைத் தேயிலையாக்கியது அவர்களின் பாட்டன் பூட்டன் உழைப்பு. அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லாமல் அதே மலையின் அடியில் புதைந்தார்கள் பேரன் பேத்திகள்.

குறிஞ்சியைக் காக்கக் குரல் கொடுப்பவர் எவராயினும் அவரிடம் நான் கேட்பது இது: செடிக்கு இடம் வேண்டும் என்கிறீர்கள், சரி, அந்த மலையில் உழைத்தவனுக்கும் பத்திரமான இடத்தில் ஒரு வீடு வேண்டும் என்று அதே மூச்சில் சொல்வீர்களா? தொழிலாளிக்காகக் குரல் கொடுப்பவரிடமும் கேட்கிறேன்: அவனுக்குக் கூரை வேண்டும் என்கிறீர்கள், சரி, அவன் நிற்கும் மலையின் மண்ணும் நீரும் நிலையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வீர்களா? இரண்டும் தனித்தனி வழக்கல்ல. மலையில் விலைபோகும் பொருளை மட்டும் பார்த்தவர்கள், செடியையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.

கைகளுக்கு வேலை இருக்கிறது

சரி, என்ன செய்யலாம்?

சீகையையும் தைலத்தையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிடலாமா? கூடாது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தால், அல்லது தீ ஓடினால், ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரு மரம் போய் நூறு கன்று வரும். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. அங்கே கண்மூடிக் கோடரி போட்டால் அவையும் போய்விடும். ஆகவே எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் விடுவது என்று பார்த்துச் செய்ய வேண்டும். வெட்டிய இடத்தில் முளைக்கும் சீகைக் கன்றை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். மலைப்புல்லை நாற்றங்காலில் வளர்த்துக் கொண்டுவந்து நட வேண்டும். இது பல ஆண்டு வேலை. இயந்திரத்தால் ஆகாது, மனிதக் கை வேண்டும்.

இங்கேதான் நமக்கு அக்கறை பிறக்கிறது. யாருடைய கை? எந்தக் கூலிக்கு?

ஆனைமுடிச் சோலையைச் சேர்ந்த பழத்தோட்டம் என்ற இடத்தில், சீகையை அகற்றி மலைப்புல் நட்டுப் பழைய புல்வெளியை மீட்கும் வேலை நடந்திருக்கிறது. செய்தவர்கள் அந்த மலையின் மக்கள். எந்தப் புல் எங்கே வரும், எந்த ஊற்று எப்போது கசியும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022இல் தமிழ்நாடு அரசும் அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயல்பான காட்டையும் புல்வெளியையும் மீட்கக் கொள்கை வகுத்தது. நீலகிரி வரையாட்டுத் திட்டத்திலும் புல்வெளி மீட்பு ஒரு பகுதி. நல்லது. இந்த வேலைகளை ஒப்பந்தக்காரனிடம் தூக்கிக் கொடுத்து, மரத்தை விற்று இலாபம் அவனுக்கு, முளைத்த கன்று மலைக்கு என்று விட்டுவிடக் கூடாது. பளியருக்கும் முதுவருக்கும் தோடருக்கும், வேலை குறைந்த தோட்டத் தொழிலாளிக்கும், நிரந்தரமான, நியாயமான கூலியுள்ள வேலையாக இதை ஆக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் செடிக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம் எப்படிப் பொருந்தும்?

தீயும் ஒரு பெரும் பகை. பூத்து மடிந்த ஆண்டுக்கு அடுத்த கோடையில், காய்ந்த குறிஞ்சித் தண்டுகள் சுள்ளியாக நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். அந்த நேரத்தில் தீத்தடுப்புக் காவலருக்கு ஆள் குறைத்துச் சிக்கனம் செய்வது, விளைந்த வயலுக்குக் காவல் போடாத கதை.

கூட்டம் கலைந்த பிறகு

2018இல் பூத்தபோது மலை கொள்ளாத கூட்டம் வரும் என்று காத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பலர் வர முடியவில்லை. 2030இல் கட்டாயம் வருவார்கள். பேருந்து பேருந்தாக வருவார்கள். படம் எடுப்பார்கள். பூவைப் பறித்துப் பையில் போடுவார்கள். செடியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைப்பவரும் இருப்பார். தொட்டியில் வைத்த செடியும் பூத்ததும் மடியும் என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பூக்கும் ஆண்டில் எல்லோரும் வருவார்கள் தோழர்களே. தேர்தல் ஆண்டில் குடிசைக்கு வருகிறவர்களைப்போல! அந்த ஓராண்டு அல்ல, பூக்காத பதினோரு ஆண்டுகள்தான் குறிஞ்சியின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. வெறும் பச்சைப் புதராக, யாரும் திரும்பிப் பார்க்காத நிலையில் நிற்கும் அந்த ஆண்டுகளில்தான் வேலி போடுகிறார்கள், விடுதி கட்டுகிறார்கள், சாலை வெட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள். கேட்க ஆளில்லை. பூத்த பிறகு போய், "முன்பு இந்தக் குன்றில் இருந்ததே, எங்கே?" என்று கேட்டுப் பயனில்லை.

நமக்கு இது புரியாத சங்கதியல்ல. மேடை போட்ட நாளில் மட்டும் வருபவனைக் கொண்டு இயக்கம் வளர்வதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, கொடிக்கம்பத்தடியில் மழையிலும் வெயிலிலும் நிற்பவனால்தான் வளர்கிறது.

ஆகவே திண்டுக்கல், தேனி, நீலகிரி, திருப்பூர் மாவட்டங்களின் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகத்தில் ஒரு மாலை இதைப் பற்றிப் பேசுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள், பூக்காத காலத்திலேயே குறிஞ்சிச் செடியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். மலையின் மக்களைக் கேட்டால் காட்டுவார்கள். உங்கள் ஊருக்கு மேலே எந்தப் புல்வெளி இருக்கிறது, எது போயிற்று, எதில் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள். 'தரிசு' என்று ஏட்டில் எழுதியிருக்கும் மலைப் புல்வெளியை அந்தப் பெயரால் இனி அழைக்கக் கூடாது என்று கேளுங்கள். மீட்பு வேலை வந்தால் அது மலைமக்களின் கைக்கு, ஒழுங்கான கூலியோடு வரவேண்டும் என்று கேளுங்கள்.

தேநீர்க் கடைத் தோழரிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "2030 என்றா சொன்னீர்? என் பேத்திக்கு அப்போது பத்து வயது ஆகும்" என்றார்.

அந்தக் குழந்தை மலை ஏறிப் பார்க்கும்போது அங்கே நீலம் இருக்குமா, வெறும் சீகை இருக்குமா என்பது 2030இல் முடிவாகிற காரியமல்ல. இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முடிவாகிற காரியம்.